அந்த நாலு பேர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்புக் கேட்டபோது ‘தீவிர மனநோய் உள்ளவர்களின் சமூக ஆதரவு வலைப்பின்னலை மதிப்பிடுதல்’ என்று எழுதி அனுப்பினேன். அழைப்பிதழைப் பார்த்த என் மனைவி, “இதைக் கேக்க யாரு வருவா?” என்றார். நியாயமான கேள்வி. அந்த நீளத் தலைப்பு அழைப்பிதழோடு இருக்கட்டும். நான் இரண்டு சொற்களிலிருந்து தொடங்குகிறேன்: ‘ஆதரவு: உண்டு.’

மனநலப் பிரிவின் கேஸ் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நோயின் வரலாறு இரண்டு பக்கம் ஓடும். எப்போது தூக்கம் கெட்டது, எப்போது காதில் குரல் கேட்டது, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் எல்லாம் இருக்கும். கடைசியில் ‘குடும்ப ஆதரவு’ என்று ஒரு வரி. எதிரே ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. கொஞ்சம் மெனக்கெடுகிறவர் ‘போதுமானது’ என்று எழுதுவார். முப்பது ஆண்டு மனநல சமூகப் பணியாளனாக வேலை பார்த்தவன் நான். அந்த வரியை எத்தனை ஆயிரம் முறை நிரப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

2003-இல் டெல்டாப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தன் மகனை மாதாமாதம் அழைத்து வருவார். மகனுக்கு அப்போது வயது 34. மனச்சிதைவு நோய். காலை ஐந்து மணி பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, ஊசி போட்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பும் அம்மா. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மகன் சட்டைக்குப் பொத்தான் சரியாகப் போட்டிருப்பார், தலை படிய வாரியிருக்கும். ‘ஆதரவு: உண்டு. மிக நன்று’ என்று எழுதினேன். அடிக்கோடு வேறு போட்டேன்.

மறுவருடம் அந்த அம்மா இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து, வரவில்லையே என்று கடிதம் போட்டோம். பதில் இல்லை. ஊருக்கு நேரில் போனபோது வீடு பூட்டியிருந்தது. காரியம் முடிந்த பத்தாம் நாள் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை என்றார் பக்கத்து வீட்டுப் பெண். அண்ணன் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஓராண்டு போல் வந்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். என் கோப்பில் இருந்தது ஒரு மனிதரின் ஆதரவு அல்ல, ஒரு கிழவியின் உடம்பு. அந்த உடம்பு விழுந்ததும் எல்லாம் விழுந்துவிட்டது.

எண்ணத் தெரியாமல் போனது எங்கே என்று அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

நம் பேச்சில் ‘நாலு பேர்’ என்று ஒரு வழக்கு உண்டு. நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேண்டும்; நாலு பேர் என்ன சொல்வார்கள்; நாலு பேரைப் போல இருக்க வேண்டாமா? கடைசியில் தூக்கிச் செல்லவும் நாலு பேர். இந்த நாலு என்பது எண்ணிக்கை அல்ல, ஊரைக் குறிக்கும் சொல். ஆனால் 1975-இல் மேன்செல் பாட்டிசன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை உண்மையாகவே எண்ணிப் பார்த்தார். நெருக்கமாகப் பழகி, கொடுத்து வாங்கும் உறவு யார் யாரோடு என்று கேட்டுப் பட்டியலிட்டபோது, நோயில்லாதவர்கள் சொன்ன பெயர்கள் சுமார் இருபதிலிருந்து இருபத்தைந்து. தீவிர மனநோய் உள்ளவர்கள் சொன்னவை நாலு அல்லது ஐந்து. அந்த நாலைந்து பேரும் பெரும்பாலும் ஒரே வீட்டு ஆட்கள்.

எண்ணிக்கை குறைவது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அந்த நாலைந்து பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பது. மனிதர்களின் உறவை வலையாகப் பார்க்கும் வழக்கம் ஆய்வுலகில் 1954-இல் ஜான் பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர் நார்வேயின் ப்ரெம்னெஸ் என்ற தீவு ஊரைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வேர்பிடித்தது. மீனவர்களும் விவசாயிகளும் வாழ்ந்த ஊர் அது. யார் யாரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் போலவே, அந்தத் தெரிந்தவர்கள் தமக்குள் தெரிந்தவர்களா என்பதும் ஒரு கேள்வியானது. இதை ‘அடர்த்தி’ என்கிறோம். அடர்த்தி நல்லதுதானே என்று தோன்றும். நம் ஊரில் பங்காளிச் சண்டையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வரப்புத் தகராறில் பெரியப்பா வீட்டோடு பேச்சு நின்றால், அதே நாளில் அத்தையும் நிற்பார், மாமாவும் நிற்பார், பிள்ளைகளும் நிற்பார்கள். எட்டு உறவு என்று எழுதி வைத்திருப்போம். உண்மையில் இருந்தது ஒரே கயிறு, எட்டு முடிச்சு.

மதிப்பிடுவதற்குக் கேள்வித்தாள்களுக்குப் பஞ்சமில்லை. அதிகம் புழங்குவது 1988-இல் ஜிமெட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. 12 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படி. குடும்பம், நண்பர்கள், ‘சிறப்பான ஒருவர்’ என்று மூன்று கட்டம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஆய்வு மாணவர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். நானும் பயன்படுத்தியிருக்கிறேன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. புறநோயாளிப் பிரிவின் தாழ்வாரத்தில் அது எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன்.

‘எனக்குத் தேவைப்படும்போது என்னுடன் இருக்கும் சிறப்பான ஒருவர் உண்டு.’ இதை வாசித்துக் காட்டினேன். லால்குடிப் பக்கத்து அம்மா, ஐம்பது வயதிருக்கும். ‘சிறப்பான ஒருவர்’ அவருக்குப் பிடிபடவில்லை. “ஒங்களுக்குத் தொணையா யாராவது ஒருத்தர் இருக்காங்களாம்மா?” என்று மாற்றிக் கேட்டேன். சட்டென்று, “ஏன் இல்லாம? சமயபுரத்தா இருக்கா” என்றார். ஏழுக்கு ஏழு போடுவதா, ஒன்று போடுவதா? தாளில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன். பிறகு விசாரித்தபோது செவ்வாய்க்கிழமை தோறும் அவரோடு கோயிலுக்கு நடந்துபோகும் இரண்டு பெண்கள் இருப்பது தெரிந்தது. அவர்களைத் தனக்கு ‘ஆதரவு’ என்று அவர் நினைக்கவில்லை. அந்த ஏழு படிச் சங்கதியும் நம்மவர்களுக்கு ஒட்டாது. ‘ஆமா’, ‘இல்ல’, ‘ஏதோ இருக்கு’ என்று மூன்று பதில்தான் வரும். அந்த மூன்றாவதைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘ஆதரவு’ என்ற சொல்லையே நான் பிறகு விட்டுவிட்டேன். அது மேடைச் சொல், இல்லையென்றால் தேர்தல் சொல். ஜனங்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. பேச்சுத்துணை, வழித்துணை, ஒத்தாசை, கைமாத்து. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை. கைமாத்துக் கொடுப்பவர் பேச்சுத்துணை ஆகமாட்டார். ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒத்தாசைக்கு வருபவர் மறுநாள் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். “கடைசியா யாருகிட்ட கைமாத்து வாங்குனீங்க? எவ்வளவு? திருப்பிக் குடுத்தாச்சா?” என்று கேட்டால் பெயர் வரும், தொகை வரும், கதை வரும். “உங்களுக்குப் பொருளாதார ஆதரவு இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கு சார்” என்பார்கள், நாமும் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம்.

கேள்வியைவிட, யாரை வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்பது பெரிய விஷயம். நம் மருத்துவமனைகளில் நோயாளிக்குப் பக்கத்தில் அட்டெண்டர் உட்கார்ந்திருப்பார். அம்மாவோ, அண்ணியோ, கணவரோ. நாம் கேட்பது நோயாளியிடம். பதில் சொல்வது அட்டெண்டர். நோயாளியே சொன்னாலும், அட்டெண்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். “அம்மா நல்லா பாத்துக்கறாங்க.” அம்மாவை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பையன் என்னிடம் சொன்னான்: “சோறு போடறாங்க சார். ஆனா ரெண்டு வருசமா எம்பேரைச் சொல்லி யாரும் கூப்புடல. ‘டேய்’தான்.” எந்த அளவுகோலிலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை: உங்களைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் யார் யார்?

பல ஆண்டு தட்டுத் தடுமாறி நான் வந்து நின்ற இடம் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும்தான். நடுவில் அவர் பெயர். சுற்றி மூன்று வட்டம். இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1980-இல் கானும் அன்டனூச்சியும் முதுமையைப் பற்றிய ஆய்வுக்காக வரைந்தது. உள்வட்டத்தில், இவர் இல்லாமல் முடியாது என்பவர்கள். அடுத்ததில் வேண்டியவர்கள். வெளிவட்டத்தில் பழக்கமுள்ளவர்கள். நான் சேர்த்துக்கொண்டது இரண்டு. ஒன்று, ‘போன வாரம்’ என்ற வரம்பு. போன திங்களிலிருந்து நேற்று வரை யாரைப் பார்த்தீர்கள், யாரோடு பேசினீர்கள், யார் போன் பண்ணினார்கள்? இரண்டு, அம்புக்குறி. அவரிடமிருந்து வருகிறதா, இவர் கொடுக்கிறாரா? தங்கச்சி மகளை ஸ்கூலில் விடுவது, அப்பாவுக்குக் காலில் எண்ணெய் தேய்ப்பது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது என்று இவர் கொடுப்பவை வரிசையாக வெளிவரும்போது வீட்டாரே வாயடைத்துப் போவார்கள். நோயாளி என்றால் வாங்குகிறவர் மட்டும்தான் என்று அவர்களும் நம்பிவிட்டிருப்பார்கள். நாமும்தான்.

படம் போட்ட பிறகு ஒரே ஒரு கேள்வி பாக்கி. உள்வட்டத்தில் இருக்கும் பெயர் ஒவ்வொன்றையும் விரலால் மறைத்துவிட்டு, “இவங்க இல்லன்னா?” பெற்றோர்கள் எங்களிடம் ஓயாமல் கேட்கும் கேள்வியும் இதுதான்: “எங்காலத்துக்கப்புறம் இவனை யாரு சார் பாப்பா?” அந்தக் கேள்வியை ஆறுதல் சொல்லி மழுப்பப் பழகியிருந்தோம். அதுவே நம் மதிப்பீட்டின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான பக்கம். உறவு இருந்தால் நல்லது, நெருங்கிய உறவென்றால் இன்னும் நல்லது என்று ஒரு நம்பிக்கை நமக்கு. 1950-களில் புதிய மருந்துகள் வந்து, பல வருடம் அடைந்து கிடந்தவர்கள் லண்டன் மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பத் தொடங்கினார்கள். அவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் தேடிப் போனார். 1958-இல் வெளியான முடிவு யாரும் எதிர்பாராதது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி முற்றியது அதிகம். வாடகை அறையிலோ சகோதரர்களோடோ தங்கியவர்கள் தேவலாம் என்று இருந்தார்கள். அம்மா மடியைவிட லாட்ஜ் அறை நல்லது என்றால் நம் மேடையில் கல் விழும். ஆனால் பிரவுன் சொன்னது அம்மாவைப் பற்றி அல்ல; வீட்டின் பேச்சைப் பற்றி. கரித்துக் கொட்டுவது, குத்திக்காட்டுவது, இன்னொரு பக்கம் கண் கொட்டாமல் பொத்திப் பொத்தி வைப்பது. இவற்றை அளக்கவே ஒரு நேர்காணல் முறையைப் பிரவுனும் சகாக்களும் உருவாக்கினார்கள். 1976-இல் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொரு கணக்கையும் வைத்தார்கள்: அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருக்க நேர்ந்தால் ஆபத்து கூடுகிறது.

35 மணி என்பதை நம் வீட்டில் வைத்துப் பாருங்கள். ஒற்றை அறை, ஒரு ஃபேன், ஒரு டி.வி. வேலைக்குப் போகாத மகனும் ரிட்டயர்டு அப்பாவும். செவ்வாய்க்கிழமை மதியமே 35 மணி முடிந்துவிடும். எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1980-களில் சண்டிகரில் இதே முறையில் பார்த்தபோது, குறைகூறும் போக்கு லண்டன் வீடுகளைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தது. கிராமத்து வீடுகளில் இன்னும் குறைவு. நம் குடும்பங்களை அப்படியே தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், லண்டன் தராசில் போட்டுக் கவிழ்க்கவும் வேண்டாம். வீடு வீடாகத்தான் பார்த்தாக வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கிடைத்த ஓர் ஆவணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆலங்குடிப் பக்கம் ஒரு வீடு. மூத்த மகனுக்கு நோய். அந்த அப்பா எதையோ தேட, பரணிலிருந்து இரண்டு நீள நோட்டுகள் விழுந்தன. மொய் நோட்டு. மூத்த மகள் கல்யாணம் 1996-இல். இளைய மகள் கல்யாணம் 2007-இல். மொய் என்றால் இந்த அரங்கில் விளக்கம் வேண்டியதில்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தே தனியாக வைப்பார்கள். ஊர், பெயர், தொகை எல்லாம் பதிவாகும். பேங்க் பாஸ்புக் தோற்றுவிடும். முதல் நோட்டு கடைசிப் பக்கம்வரை நிரம்பி, அட்டையின் உள்பக்கத்திலும் எழுதியிருந்தது. இரண்டாவதில் பாதி நோட்டு வெறுமை. இடையில் என்ன நடந்தது என்று கேட்டேன். “இவனை வெச்சுக்கிட்டு எங்கேயும் போக முடியல சார். கல்யாணத்துக்குப் போனா, இவன் ஏதாவது பேசிருவானோன்னு. அவளும் போகல, நானும் போகல. நாம போகலேன்னா அவங்க எப்படி வருவாங்க?”

நோய் ஒருவருக்கு; வட்டம் சுருங்கியது வீட்டுக்கே. மேல்நாட்டு அளவுகோல்கள் தனி ஆளை நடுவில் வைத்து வட்டம் போடுபவை. நம் ஊரில் உறவு வீட்டுக்கும் வீட்டுக்கும். பத்திரிகை வீட்டுப் பேருக்கு வரும், மொய் வீட்டுப் பேரில் எழுதப்படும். அன்றிலிருந்து வீட்டுக்குப் போனால், கடைசியாக வந்த கல்யாணப் பத்திரிகை எது, யார் கொண்டுவந்து கொடுத்தார்கள், போனீர்களா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்களா, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களா என்பதிலேயே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

பெண்கள் விஷயம் வேறு கதை. ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்ற வைத்தியம் இரு பாலாருக்கும் நடக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஆணுக்கு நோய் வெளிப்பட்டால் மனைவி பெரும்பாலும் கூடவே இருக்கிறார். பெண்ணுக்கு வெளிப்பட்டால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சென்னையில் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும், மண வாழ்க்கை முறிந்த, மனச்சிதைவு நோயுள்ள 75 பெண்களைச் சந்தித்து 2003-இல் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. கேஸ் ஷீட்டில் ‘திருமணமானவர்’ என்றே இருக்கும். கணவர் என்று ஒரு கட்டம், குழந்தை என்று ஒரு கட்டம் நிரம்பியிருக்கும். குழந்தையைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்ற கட்டம் எங்கே இருக்கிறது? இந்தப் பெண்களுக்கு வட்டம் வரையும்போது எனக்குப் பென்சில் நின்றுவிடும். குழந்தையை எந்த வட்டத்தில் போடுவது? அவர்கள் கேட்காமலே உள்வட்டத்தில் போடுவார்கள்.

ஸ்கார்ஃப் என்றதும், 1984-இல் அதைத் தொடங்கிய மருத்துவர் சாரதா மேனனைச் சொல்லாமல் போகக்கூடாது. 1794-இல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தவர். மருந்து முடிந்த இடத்திலிருந்துதான் வேலை ஆரம்பம் என்று நினைத்த மருத்துவர்களில் அவர் ஒருவர். நம் நாட்டில் குடும்பத்தை மருத்துவமனைக்குள் அழைத்ததும் பழைய கதைதான். அமிர்தசரஸில் 1950-களில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் கூடவே தங்குவது தொடக்கத்திலிருந்தே வழக்கம். குடும்பம் என்ற ஒன்றை நம்பித்தான் நம் மனநல சேவை முழுவதும் நிற்கிறது. நம்புகிறோமே தவிர, அதன் பலத்தை அளந்து பார்த்ததில்லை. தூணைத் தட்டிப் பார்க்காமல் மாடி கட்டுகிற வேலை.

தட்டிப் பார்க்காததன் விலை ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். அநாதைகள் என்று பலரும் பேசினார்கள். அப்படி இல்லை. பெரும்பாலோரைக் கொண்டுவந்து சேர்த்தது அவரவர் குடும்பம். எங்கள் படிவத்தில் அவர்களில் பலருக்கு ‘ஆதரவு: உண்டு’ என்றுதான் விழுந்திருக்கும். அவர்கள் குடும்பங்களை ஏச நான் தயாரில்லை. மருத்துவமனை எட்டாத தொலைவில், வேறு யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில், எல்லாம் பார்த்து ஓய்ந்து கைவிட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு யார் இருந்தார்கள் என்றும் யாரும் வட்டம் போட்டுப் பார்க்கவில்லை.

2017-இல் வந்த மனநல பராமரிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. வயது வந்த எவரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை எழுத்தில் குறிப்பிடலாம். அவர் இரத்த உறவாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. நண்பராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். நடைமுறையில் என்ன நடக்கிறது? “அப்பா வந்திருக்காரா? சரி, இங்க கையெழுத்துப் போடுங்க.” நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஊனச் சான்றிதழுக்கான ஐடியாஸ் அளவுகோலிலும் இதே போக்குதான். ஒருவரால் என்ன முடியவில்லை என்பதை நன்றாகவே அளக்கிறது, 40 சதவீதம் வந்தால் அட்டை கிடைக்கும். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்பது அதன் வேலை அல்ல. அந்த வேலை யாருடையது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

சரி, அளந்து என்ன ஆகப்போகிறது? இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2016-இல் சந்தித்தேன். 41 வயது, அம்மாவுக்கு 70. முதலில் சொன்ன கதையின் அச்சு. இந்த முறை தாளை எடுத்தேன். உள்வட்டத்தில் அம்மா மட்டும். நடுவட்டம் காலி. வெளிவட்டத்தில் யாருமில்லை என்றார். போன வாரம் என்னென்ன செய்தீர்கள் என்று கிளறினேன். தினமும் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போகிறார். டீ மாஸ்டரோடு என்ன பேசுவீர்கள்? “ஒண்ணும் பேசமாட்டேன். அவரே சர்க்கரை கம்மியா போட்டுக் குடுப்பாரு.”

கடைக்குப் போனேன். மாஸ்டர் வடையைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “ஒடம்பு சரியில்லாமப் போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும் சார். ஆறு மணிக்கு வர்ற ஆளு மூணரைக்கே ஷட்டருக்கு முன்னாடி நிப்பாரு. அப்புறம் நாலு நாள் வந்து நிப்பாரு, டீ குடிக்க மாட்டாரு. ‘இதுல ஏதாவது கலந்திருக்கீங்களா’ன்னு கேப்பாரு. அடுத்த வாரம் அவங்கம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க.” எங்கள் டாக்டர்கள் அரைமணி நேரம் கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பதை இந்த மனிதர் ஒரு வாரம் முந்தியே அறிந்திருக்கிறார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை. நெருக்கமில்லாத பழக்கங்களுக்குத் தனிப் பலம் உண்டு என்று 1973-இல் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதியது வேலை தேடுவோரைப் பற்றி. எனக்கு அது விளங்கியது அந்தப் பஸ் ஸ்டாண்டில்.

மாஸ்டரின் போன் நம்பரைக் கோப்பில் எழுதினோம். அவர் சம்மதத்தோடும், அதைவிட முக்கியமாக நோயாளியின் சம்மதத்தோடும். கோயம்புத்தூரில் ஒரு சித்தி மகன் தேறினார். பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா பொத்தான் தைக்கக் கொடுத்தார். ஒரு சட்டைக்கு இத்தனை என்று கூலி. அம்மா 2019-இல் காலமானார். சித்தி மகன் மூன்று மாதம் பணம் அனுப்பினார், பிறகு நின்றுவிட்டது. டெய்லர் அக்கா வீடு மாறிப் போய்விட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஊசித் தேதிக்கு அவரை பஸ் ஏற்றிவிட்டது டீ மாஸ்டர். இரண்டு முறை தவறியது. இரண்டு முறையும் எங்களுக்குப் போன் வந்தது. அவர் வீட்டைவிட்டுப் போகவில்லை.

உறவே மிஞ்சாதவர்களுக்கு வட்டத்தைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். 1993-இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, மருத்துவமனைகளிலேயே வருடக்கணக்கில் தங்கிவிட்ட பெண்களை நாலைந்து பேராகத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியமர்த்தி, துணைக்கு ஆள் வைத்து நடத்தும் ‘ஹோம் அகெய்ன்’ அப்படி ஒன்று. வீட்டோடு இருப்பவர்களுக்கும் ஒரு முயற்சி நடந்தது. திருப்போரூர், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரோடு நடந்து 2014-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அறிகுறிகளும் செயலாற்றலும் மிதமாகத் தேறின. மிதமாகத்தான். இந்தத் துறையில் மிதமான முன்னேற்றத்துக்கே நாங்கள் இனிப்பு கொடுத்துக்கொள்வோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றிரவே தாளை எடுத்து வட்டம் போடச் சொல்லமாட்டேன். வருகிற முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நோயுள்ள உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். ஏதாவது பேசிவிட்டால் பேசிவிட்டுப் போகட்டும். நூற்றியொன்று மொய் எழுதும்போது அவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு வரப்போகும் மாணவர்களே, உங்கள் படிவத்திலும் அந்த ‘உண்டு, இல்லை’ வரி இருக்கும். அதை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இருக்காது. படிவத்தை நிரப்பிவிட்டு, பின்பக்கத்தில் வட்டத்தை வரையுங்கள். பென்சிலால் வரையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று அவரிடமே கேட்டுத் திருத்துங்கள். மூலையில் தேதி போட மறக்காதீர்கள். என் 2003 கோப்பில் தேதி இருந்தது. அதற்குப் பிறகு இன்னொரு தேதி இல்லை.